காரில் மின்சாரத் தண்ணீர்ப் பம்பு: ஒழுகாமல் பொருத்துவது எப்படி?

நமது சங்கத்து அன்பர்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேராவது இருக்கிறார்கள். கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் இவர்கள் பேச்சு எங்கே தொடங்கினாலும், கடைசியில் கண்டாலா மலை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்த கதையில் வந்து நிற்கும். "மின்சாரத் தண்ணீர்ப் பம்பு வைத்தால் இந்தத் தொல்லை தீரும் என்கிறார்களே, உண்மையா? வைத்தால் ஒழுகிக்கொண்டே இருக்குமாமே, அதுவும் உண்மையா?" என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். தொல்லை பெரும்பாலும் தீரும். ஒழுகுவது மட்டும் பம்பைப் பொறுத்ததல்ல, அதைப் பொருத்துகிறவரின் பொறுமையைப் பொறுத்தது. புனேயில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் பம்புகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பின் எனது 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடரில் இத்தகைய பம்பு ஒன்றை நானே பொருத்தி ஓட்டி வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

எதற்காக இந்தப் பம்பு?

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் காரை ஓட்டப் பயன்படுவது கால் பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகம்தான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாக எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீரில் சேருகிறது. மிச்சம் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. தண்ணீரில் சேர்ந்த வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றி, மறுபடி எஞ்சினுக்குள் தள்ளுவதே தண்ணீர்ப் பம்பின் வேலை.

பழைய கார்களில் இந்தப் பம்பு ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பம்பும் வேகமாகச் சுற்றும். எஞ்சின் மெதுவானால் பம்பும் மெதுவாகும். நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது ஓடும் தண்ணீரில், நின்ற இடத்தில் 750 சுற்றுச் சுற்றும்போது கால் பங்குதான் ஓடும். அம்பாசடரில் விசிறியும் அதே பம்பின் புல்லியில்தான் இருக்கிறது; ஆகவே காற்றும் குறைந்துவிடுகிறது. மலையேறிச் சூடான எஞ்சின் போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது கொதிப்பதற்குக் காரணம் இதுதான். சூடு மிக அதிகமாக இருக்கும்போதே தண்ணீர் மிகக் குறைவாக ஓடுகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டாலோ, சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூட்டை எடுத்துப்போக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நகராது.

மின்சாரப் பம்புக்கு எஞ்சின் வேகத்தைப் பற்றிக் கவலையில்லை. நின்றாலும் ஓடினாலும் தேவையான தண்ணீரைத் தள்ளும். எஞ்சினை நிறுத்திய பிறகும் இரண்டு நிமிடம் ஓடித் தேங்கிய சூட்டை ஆற்றிவிடும். இது ஏதோ பந்தயக் காருக்கான ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். 2009-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரின் எஞ்சினில் பெல்ட்டே கிடையாது. தண்ணீர்ப் பம்பு மின்சாரத்தில்தான் ஓடுகிறது. 2020-இல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் பேட்டரியைக் குளிர்விப்பதும் குழாய்களில் ஓடும் திரவம்தான். எனவே பழைய காருக்காக நான் சொல்லும் இந்த இணைப்பு வேலைகள் புதிய கார் வைத்திருப்பவர்களுக்கும் புரிந்திருந்தால் நல்லது.

வாங்கும் முன்

பம்பின் அளவை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கில் சொல்வார்கள். சிறிய, நடுத்தர பெட்ரோல் எஞ்சினுக்கு 80 லிட்டர் பம்பு போதும்; பெரிய எஞ்சினுக்கு 115 லிட்டரும் அதற்கு மேலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கிரெய்க் நிறுவனம் இந்த அளவுகளில் செய்கிறது. ஹீட்டருக்குத் தண்ணீர் சுற்றுவதற்கென்று சில கார்களில் இருக்கும் சிறு துணைப் பம்பைப் பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கி வைப்பவர்கள் உண்டு. அது முழு எஞ்சினுக்குக் காணாது.

இரண்டாவதாக, உங்கள் காரில் இருப்பது டைனமோவா, ஆல்டர்னேட்டரா என்று பாருங்கள். 80 லிட்டர் பம்பு ஏழெட்டு ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ அநேகமாக மின்சாரமே தராது. பம்பு பேட்டரியைக் குடித்துவிடும். டைனமோ உள்ள காரில் முதலில் ஆல்டர்னேட்டர் மாற்றிவிட்டுத்தான் இந்தப் பேச்சு.

மூன்றாவதாக, பம்போடு வெப்பத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வாங்குங்கள். அது இருந்தால்தான் பழைய தெர்மோஸ்டாட்டை எடுக்கலாம். பெட்டி இல்லாமல் தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டு பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டால், எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். பெட்ரோல் அதிகம் செலவாகும். சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

பழைய பம்பை என்ன செய்வது?

அம்பாசடரில் பெல்ட், விசிறி, ஆல்டர்னேட்டர் எல்லாம் பழைய பம்பின் புல்லியை நம்பியே இருக்கின்றன. எனவே பம்பின் உடலை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மட்டும் கழற்றிவிடுவது சுலபமான வழி. தண்ணீர் அந்த உடல் வழியாகவே எஞ்சினுக்குள் போகும்.

ஆனால் இங்கேதான் முதல் ஒழுகல் ஒளிந்திருக்கிறது. பழைய பம்பின் தண்டைச் சுற்றி ஒரு சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேற, பம்பின் அடியில் சிறு துளை ஒன்று வைத்திருப்பார்கள். மின்சாரப் பம்பு வைத்த பிறகும் அந்தத் தண்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கும், சீலும் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்து, "புதுப் பம்பு ஒழுகுகிறது" என்று பழி போடுவார்கள். இம்பெல்லரைக் கழற்றும்போதே சீலையும் பேரிங்கையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பம்பு உடலை எஞ்சினோடு சேர்க்கும் இடத்தில் பழைய காகித கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மழுங்கிய சுரண்டியால் முழுவதும் எடுக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தட்டக் கூடாது. ஒரே ஒரு புது கேஸ்கெட் போடுங்கள். "இரண்டாகப் போட்டால் பலம்" என்பது தவறு. இரண்டு காகிதங்களுக்கு இடையேதான் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். போல்ட்டுகளை ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

பம்பு வைக்கும் இடம்

ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கீழ் ஹோஸை வெட்டி, அதன் நடுவில் மின்சாரப் பம்பு உட்கார வேண்டும். இந்த வகைப் பம்பு தானாகத் தண்ணீரை உறிஞ்சி மேலே எடுக்காது. தண்ணீர் அதனிடம் வந்து சேர வேண்டும். அதனால் முடிந்தவரை தாழ்வான இடம் வேண்டும். ஆனால் கல்லிலும் வேகத்தடையிலும் அடிபடாத உயரமும் வேண்டும். புகைக்குழாய்க்கு அருகில் வேண்டாம். பம்பின் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கட்டும்.

பம்பின் எடையை ஹோஸ்கள் தாங்கலாம். ஆனால் ஹோஸ் முறுக்கிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருக்கக் கூடாது. எஞ்சின் ரப்பர் மேல் ஆடும், ரேடியேட்டர் ஆடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பம்பை இரும்புப் பட்டையால் சட்டத்தோடு இறுக்கிவிட்டால், அந்த ஆட்டம் முழுவதும் ஹோஸ் இணைப்பில் விழும். ஆறு மாதத்தில் அங்கே கசியும்.

ஹோஸ் இணைப்புகள்

எனது அனுபவத்தில் பத்தில் எட்டு ஒழுகல்கள் ஹோஸ் வாயில்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1. அளவு: ரேடியேட்டர் வாய், பம்பு வாய், எஞ்சின் வாய் மூன்றையும் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 38 மில்லிமீட்டர் வாய்க்கு 38 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள ஹோஸ். அளவு வேறுபட்டால் அதற்கென்று விற்கும் இடைவளையங்களைப் போடுங்கள். பெரிய ஹோஸைக் கிளிப்பால் நெரித்துச் சிறிய வாயில் உட்கார வைத்தால் ரப்பர் மடியும். மடிப்பு வழியே தண்ணீர் வரும்.

2. வெட்டு: புது ஹோஸையே பயன்படுத்துங்கள். கூரான கத்தியால் நேராக வெட்டுங்கள். ரம்பத்தால் அறுத்தால் ஓரம் பிசிறாகும். அந்தத் துணுக்குகள் பம்புக்குள் போய்ச் சேரும்.

3. சுத்தம்: பழைய உலோக வாய்களில் உப்புப் பூத்தும் பழைய ரப்பர் ஒட்டியும் இருக்கும். மெல்லிய உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து, வாயைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். குழாயின் நீளவாக்கில் தேய்த்தால் விழும் கீறல்களே தண்ணீருக்கு வாய்க்கால் ஆகிவிடும். அரித்துக் குழி விழுந்த வாயாக இருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றிவிடுங்கள்.

4. வழுக்கலுக்கு: ஹோஸ் ஏறவில்லை என்று கிரீஸ் தடவாதீர்கள். இந்த ஹோஸ் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்து மெத்தென்று ஆகிவிடும். கூலன்டிலேயே நனைத்து ஏற்றலாம். சோப்புத் தண்ணீரும் ஆகும். பசை, சீலன்ட் எதுவும் இங்கே தேவையில்லை.

5. கிளிப்: குழாய் வாயின் நுனியில் மேடான வளையம் ஒன்று இருக்கும். கிளிப் அந்த வளையத்தைத் தாண்டி உட்புறம் உட்கார வேண்டும். ஹோஸின் ஓரத்திலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். வளையத்தின் மேலேயே கிளிப் போட்டால் முடுக்க முடுக்க ஹோஸ் வெளியே நழுவும். முடுக்க ஒரு சாதாரணத் திருப்புளி, மணிக்கட்டின் பலம் போதும். பம்பின் வாய் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஸ்பானர் போட்டு இறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும்.

6. மறுபடி முடுக்குதல்: இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புது ரப்பர் முதல் முறை சூடேறி ஆறியதும் சற்று அமுங்கும், கிளிப் தளர்ந்துவிடும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, எஞ்சின் முழுவதும் ஆறிய பின், எல்லாக் கிளிப்புகளையும் அரைச் சுற்று முடுக்கிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை.

தண்ணீர் விட்டுச் சோதித்தல்

விலையுள்ள கூலன்டை முதலிலேயே ஊற்றாமல், சாதாரணத் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள். காரின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்துவைத்து, மெதுவாக ஊற்றுங்கள். பம்பைத் தண்ணீரின்றி ஓட்டாதீர்கள். நிரம்பியதும், எஞ்சினைக் கிளப்பாமல் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வாருங்கள். பெல்ட் பம்பில் கிடைக்காத வசதி இது.

பிறகு அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் வாயில் மாட்டிக் கையால் காற்றடிக்கும் சிறு பம்பு ஒன்று, அழுத்தம் காட்டும் கடிகாரத்துடன் கிடைக்கிறது. உங்கள் ரேடியேட்டர் மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரைக்கும் அடியுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கால்மணி நேரம் முள் அசையாமல் நின்றால் வேலை சுத்தம். முள் இறங்கி, கசியும் இடம் தெரியவில்லையென்றால் எளிய வழி ஒன்று சொல்கிறேன். இணைப்புகளை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, முகப் பவுடரையோ உலர்ந்த கோலமாவையோ லேசாகத் தூவிவிடுங்கள். எங்கே ஈரம் கோடு போடுகிறதோ அதுதான் இடம். எல்லாம் முடிந்த பிறகு, காருக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் காகிதம் காய்ந்திருந்தால் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்றலாம்.

கூலன்ட் குளிர் நாட்டுக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கு வேண்டிய வேலைகள். கூலன்டும் உப்பு நீக்கிய தண்ணீரும் சரிபாதியாகக் கலக்கலாம். ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம். கூலன்ட் பொதுவாக எத்திலீன் கிளைக்கால் கலந்தது. இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வடித்ததைப் பாத்திரத்தில் திறந்துவைக்காதீர்கள்; குழந்தைகளும் நாய்களும் வாய் வைத்துவிடும்.

இன்னொன்று. சொட்டு ஒழுகினால் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது லாரி ஓட்டுநர்களின் பழைய வைத்தியம். ஒழுகல் அடைக்கும் தூள் என்று கடையிலும் விற்கிறார்கள். ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது, ஓட்டை எது என்று தெரியாது. மின்சாரப் பம்பு வைத்த காரில் இவை கூடவே கூடாது.

மின் இணைப்பு

வேலை தொடங்கும்போதே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். காருக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளை வையுங்கள். பம்புக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். பூமி இணைப்பு துருவில்லாத இரும்பில் இருக்க வேண்டும்.

பெல்ட் பம்பு சாகும் முன் சத்தம் போடும், சொட்டும். மின்சாரப் பம்பு பெரும்பாலும் சொல்லாமல் நின்றுவிடும். எனவே பம்பு நின்றாலும், வெப்பம் மீறினாலும் எரியும் சிவப்பு விளக்கும், காதில் விழும் மணியும் கட்டாயம். வெப்பமானியை மட்டும் நம்புவது ஆபத்து. தண்ணீர் முழுவதும் போய்விட்டால் அதன் உணர்முனை வெறும் காற்றில் நிற்கும்; முள் "குளிர்ச்சி" என்று காட்டும்போதே சிலிண்டர் ஹெட் வளைந்துகொண்டிருக்கும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்?

நண்பர் ஒருவர் தமது காருக்கு ஒரு பட்டறையில் இதே வேலையைச் செய்துகொண்டார். ஒரே மாலையில் முடித்துக் கொடுத்தார்கள். பழைய ரப்பர் ஒட்டியிருந்த வாயின் மேலேயே புது ஹோஸ். கிளிப் வளையத்தின் மேல். அழுத்தச் சோதனையும் இல்லை, மறுபடி முடுக்கவும் இல்லை. மூன்றாம் வாரம் மலை ஏற்றத்தில் ஹோஸ் பாதி நழுவியது. வண்டியை ஓரங்கட்டிய ஓட்டுநர், ஈரத்துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். முழங்கை வரை வெந்துவிட்டது. பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். கார் கெட்டால் காசோடு போகும். அந்தக் கைக்கு யார் பதில் சொல்வது?

ஈரத்துணி காப்பாற்றாது என்பதற்கு ஒரு கணக்குண்டு. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ள நம் புனேயில் 98 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி தரும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தமும் கொதிநிலையை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் உயர்த்துகிறது. 7 பவுண்டு மூடிக்கு அடியில் தண்ணீர் 108 டிகிரியிலும் அமைதியாகவே இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடுகிறது. தண்ணீர் அங்கேயே ஆவியாகிப் பொங்கி அடிக்கிறது. ஆகவே எஞ்சினை நிறுத்தி, மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். அரைமணி ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். கொதிக்கிறது என்று அதிக அழுத்தமுள்ள மூடியாக மாற்றுவதும் வேண்டாம். பழைய ரேடியேட்டர் வேறு இடத்தில் பிளந்துகொள்ளும்.

முழு வேலைக்கும் இரண்டு நாட்கள் ஒதுக்குங்கள். மெக்கானிக்கிடம் கொடுப்பவர்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பழைய பம்பின் சீல் மாற்றினீர்களா? அழுத்தம் ஏற்றிக் கால்மணி நேரம் பார்த்தீர்களா? சூடேறி ஆறிய பின் கிளிப்புகளை முடுக்கினீர்களா? மூன்றுக்கும் "ஆமாம்" என்று சொன்னால் மட்டும் குடும்பத்தோடு மலையேறுங்கள். வண்டியில் இரண்டு கிளிப், ஒரு துண்டு ஹோஸ், ஒரு திருப்புளி, ஐந்து லிட்டர் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

அழுத்தச் சோதனைப் பம்பு என்னிடம் ஒன்று இருக்கிறது. வேண்டுகிற அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துப்போகலாம். வாடகை இல்லை. அடுத்தவருக்கும் தேவைப்படும் என்பதால், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும்.